தொனி கெடாமல் மெயில் எழுதுவது

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளர் இலண்டன் கிளைக்குக் கோல் எடுத்தால் இப்படித்தான் கேட்பார்: "அண்ணை, அந்தக் கணக்கு விபரத்தை ஒருக்கா அனுப்பிவிடுங்கோவன்." அதே மனிதர் மெயில் எழுத உட்கார்ந்தால் வருவது: "கணக்கு விபரத்தை உடனடியாக அனுப்பவும்." கேட்கும் விடயம் ஒன்றுதான். ஆனால் 'அண்ணை' போய்விட்டார், 'ஒருக்கா' போய்விட்டது, 'உடனடியாக' எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. இலண்டனில் வாசிப்பவருக்கு அது அதிகாரமாகத் தெரியும். எழுதியவர், மரியாதையாகவும் பிழையில்லாமலும் எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

எங்கள் பேச்சில் பணிவின் பெரும்பங்கு குரலில் இருக்கிறது. 'வாங்கோ', 'சொல்லுங்கோ' என்ற இழுவையிலும் 'ஏலுமெண்டால்', 'குறை நினையாதேங்கோ' என்ற சின்னச் சேர்க்கைகளிலும் இருக்கிறது. இவற்றை எழுத்துக்குக் கொண்டுவர எங்களுக்குக் கூச்சம்; பேச்சுத்தமிழை எழுதக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பழகி வந்தவர்கள். அதனால் எழுத்துத்தமிழுக்குத் தாவும்போது கையில் முதலில் அகப்படுவது அறிவித்தல் பலகையின் தமிழ். 'பாதணிகளைக் கழற்றி விடவும்.' 'வரிசையில் நிற்கவும்.' 'உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்.' அந்த 'வும்' இன்னார் என்று தெரியாத எல்லோருக்கும் ஒரேயடியாகச் சொல்லும் உத்தரவு. பெயர் தெரிந்த ஒருவருக்கு எழுதும்போது அதை வைத்தால் அவரையும் வரிசையில் நிறுத்தியதாகிறது.

எழுதுபவருக்கு இது ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2005 இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகிய உளவியலாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் செய்தது. சில வசனங்களை உண்மையான அர்த்தத்திலும் சிலவற்றைக் கேலியாகவும் மின்னஞ்சலில் அனுப்பவிட்டு, வாசிப்பவர் எத்தனையைச் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவரிடமே கேட்டார்கள். அனுப்பியவர்கள் நூற்றுக்கு 78 என்று எதிர்பார்த்தார்கள். வாசித்தவர்கள் கண்டுபிடித்தது 56. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரிவரும். இதில் வாசித்தவர்களும் தாங்கள் சரியாகத்தான் விளங்கிக்கொண்டோம் என்று உறுதியாக நம்பினார்கள். காரணம் எளிது: எழுதுபவர் தன் வரியைத் தன் குரலிலேயே மனதுக்குள் கேட்கிறார். அந்தக் குரல் மெயிலோடு போவதில்லை.

இதே ஆய்விலிருந்து ஒரு நல்ல பழக்கமும் கிடைக்கிறது. எழுதியதை நீங்கள் நினைத்த தொனிக்கு நேர்மாறான தொனியில், வாய்விட்டு, ஒருமுறை வாசியுங்கள். அன்பாக எழுதினீர்களா, வெறுப்போடு வாசியுங்கள். அந்த வெறுப்பும் வசனத்தில் வசதியாகப் பொருந்துகிறது என்றால், வாசிப்பவர் களைத்துப்போயிருக்கும் நாளில் அப்படித்தான் வாசிப்பார். அந்த வசனத்தைத் திருத்த வேண்டும்.

யாரென்று கூப்பிடுவது

தொனியில் பாதி முதல் வரியிலேயே தீர்ந்துவிடும். முன்பு கதைத்துப் பழகியவருக்கு 'அண்ணா', 'அக்கா' என்று மெயிலில் எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. சங்க வேலைகளில் அதுதான் பொருத்தம். ஆனால் 'தம்பி', 'தங்கச்சி' வேறு. நேரில் வாஞ்சையாக இருக்கும் 'தம்பி', இருபது பேருக்குப் பிரதி போகும் மெயிலில் ஒரு செயலாளரை எல்லோர் முன்னிலையிலும் சின்னப்பிள்ளை ஆக்கிவிடும். பொறுப்பில் இருப்பவரைப் பொறுப்பின் பெயரால் கூப்பிடுங்கள், அவர் உங்களைவிட இருபது வயது இளையவராக இருந்தாலும்.

அலுவலகங்களுக்கு எழுதும்போது 'மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு' என்று பதவியைச் சொல்லித் தொடங்குவதே பாதுகாப்பு. ஆணா பெண்ணா என்று தெரியாமல் 'ஐயா' போட்டு, அங்கே இருப்பவர் அம்மணியாக இருக்கும் சங்கடம் அதில் வராது. பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கு மாணவர்கள் 'சேர்', 'மிஸ்' என்று எழுதலாம், அது ஊர் வழக்கம். முறைப்படியான விண்ணப்பம் என்றால் மட்டும் துறையின் இணையத்தளத்தைப் பார்த்து, அவர் கலாநிதியா பேராசிரியரா என்று உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

'நீர்' பற்றி ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் அது ஒத்த வயதினருக்குள்ளும் கணவன் மனைவிக்குள்ளும் வாத்தியார் மாணவருக்குள்ளும் உரிமையோடு புழங்குவது. உரிமையா வெட்டா என்பதைக் குரல்தான் சொல்லும். எழுத்தில் 'உமக்கு', 'அனுப்பும்' என்று வந்தால் வீட்டுக்கு வெளியே அது பெரும்பாலும் வெட்டாகவே விழும். 'நீர்' புழங்காத ஊர்த் தமிழருக்கு இன்னும் கூடுதலாக. ஒரே மெயில் தொடரில் 'நீங்கள்' என்று தொடங்கி நடுவில் 'நீர்' ஆனால், எழுதுபவர் கோபப்பட்டுவிட்டார் என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை.

கேட்கும் முறை

ஒரே வேலையை எத்தனை படிகளில் கேட்கலாம் என்று பாருங்கள்: அனுப்பு. அனுப்பும். அனுப்பவும். அனுப்புங்கள். அனுப்பிவிடுங்கோ. அனுப்பிவைக்க முடியுமா? அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். அனுப்பிவைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசி வடிவம் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் சரி. கூடப் படித்தவருக்கு எழுதினால், என்ன கோபமோ என்று அவர் யோசிப்பார். சக ஊழியருக்கும் சங்கத்தவருக்கும் 'முடியுமா', 'உதவியாக இருக்கும்' என்ற இரண்டும் அளவானவை. வட்ஸ்அப்பில் 'அனுப்பிவிடுங்கோ' என்று பேசுவதைப்போலவே எழுதலாம். அங்கே எழுத்துத்தமிழ்தான் அந்நியமாக இருக்கும்.

ஆனால் வினைமுற்றை மாற்றினால் மட்டும் போதாது. பணிவான வேண்டுகோளில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: என்ன வேண்டும், எதற்கு வேண்டும், எப்போதைக்கு வேண்டும், முடியாவிட்டால் என்ன செய்யலாம். மற்றவரின் நேரத்தை மதிப்பது இந்த நான்கில்தான் தெரியும். தொடக்கத்தில் சொன்ன பொருளாளரின் மெயில் முழுதாக இப்படி இருக்கும் என்று வைப்போம்:

"விடயம்: கணக்கு
வணக்கம். கடந்த வருடம் சேர்த்த நிதி தொடர்பான கணக்கு விபரம் இதுவரை கிடைக்கவில்லை. ஏற்கெனவே அறிவித்திருந்தோம். கணக்காய்வு உள்ளதால் உடனடியாக அனுப்பவும்.
பொருளாளர்"

இதில் பொய் எதுவும் இல்லை, தகாத சொல்லும் இல்லை. ஆனால் முதல் இரண்டு வசனங்களும் குற்றச்சாட்டு. கணக்காய்வு என்ற நியாயமான காரணம் மூன்றாவது வசனத்தில்தான் வருகிறது. அதற்குள் வாசிப்பவர் சூடாகிவிட்டார். 'கணக்கு விபரம்' என்றால் வங்கிக் கூற்றா, பற்றுச்சீட்டா, பெயர்ப் பட்டியலா என்று தெரியவில்லை. 'உடனடியாக' என்பதற்குத் திகதி இல்லை. கீழே பெயர் இல்லாததால் யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. இலண்டனில் அவர் முழுநேர வேலைக்கும் போய்க்கொண்டு, சனி ஞாயிறில் சங்க வேலை பார்ப்பவர். அவர் இந்த மெயிலை மூடிவைத்துவிடுவார். இரண்டு கிழமைக்குப் பிறகு இங்கிருந்து இன்னொரு 'அனுப்பவும்' போகும்.

அதையே இப்படி எழுதலாம்:

"விடயம்: 2024 நிதிசேகரிப்பு: வங்கிக் கூற்றும் பெயர்ப் பட்டியலும், 2025 ஜூன் 20 இற்கு முன்

அன்புள்ள செயலாளர் அண்ணாவுக்கு, வணக்கம்.

எங்கள் கணக்காய்வு ஜூன் 25, புதன்கிழமை தொடங்குகிறது. உங்கள் கிளை 2024 இல் அனுப்பிய பணத்துக்கு இரண்டு ஆவணங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, பணம் அனுப்பிய மாதங்களுக்கான வங்கிக் கூற்று. மற்றது, நன்கொடை தந்தவர்களின் பெயரும் தொகையும் உள்ள பட்டியல்.

ஜூன் 20, வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பிவைத்தால் கணக்காய்வாளரிடம் நேரத்துக்குக் கொடுத்துவிடலாம். பட்டியல் தயாராக இல்லாவிட்டால் வங்கிக் கூற்றை மட்டும் முதலில் அனுப்புங்கள்; பட்டியலை ஜூலையிலும் சேர்க்கலாம். மார்ச்சில் இதுபற்றி எழுதிய மெயிலைத் தேட வேண்டாம் என்பதற்காகக் கீழே சேர்த்திருக்கிறேன்.

நன்றி."

இதன் கீழே முழுப்பெயர், பதவி, வட்ஸ்அப் இலக்கம். முன்பு அறிவித்திருந்தோம் என்ற செய்தி இதிலும் இருக்கிறது. ஆனால் அது இப்போது ஒரு உதவியாக வருகிறது. மெயில் நீண்டுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். வாசிக்க ஒரு நிமிடம் கூடும், பதில் எழுத யோசிக்கும் நேரம் குறையும்.

'ஏற்கெனவே', 'தானே', 'இதுவரை', 'ஏன்' என்ற நான்கு சொற்களும் மெயிலில் எங்கே வந்தாலும் ஒருமுறை நின்று பாருங்கள். "சொன்னனான் தானே" என்று சிரித்துக்கொண்டு சொல்லலாம். "ஏற்கெனவே தெரிவித்தோம் தானே" என்று எழுதினால் அது கண்டிப்பு. "ஏன் வரேல்லை?" என்று வாசலில் நின்று கேட்பது அக்கறை. "கூட்டத்துக்கு ஏன் வரவில்லை?" என்று எழுத்தில் வந்தால் விளக்கக் கடிதம் கேட்பதைப் போல இருக்கும். "கூட்டத்தில் உங்களைக் காணவில்லை, சுகமாக இருக்கிறீர்களா?" என்பது அதே கேள்விதான். நினைவூட்டல் அனுப்புவதானால் ஒரு வேலைக்கிழமை விட்டு, பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். இரண்டு நினைவூட்டலுக்கும் பதில் இல்லாவிட்டால் மூன்றாவது எழுத வேண்டாம், கோல் எடுங்கள்.

பிரதிகள்

சிசி (பிரதி) பெட்டியில் யாரைப் போடுகிறீர்கள் என்பதும் தொனிதான், ஒரு சொல் எழுதாமலே. சக ஆசிரியருக்கு எழுதும் மெயிலில் அதிபரை முதன்முறையாகச் சேர்த்தால், உங்கள் வசனங்கள் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது முறைப்பாடு. சேர்க்கத்தான் வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லிச் சேருங்கள்: "நேரசூசியும் மாற வேண்டியிருப்பதால் அதிபருக்கும் பிரதி அனுப்புகிறேன்."

காகிதக் கடிதத்தில் எங்களுக்கு 'அதிபர் ஊடாக' என்ற ஒழுங்கு இருக்கிறது. ஆசிரியர் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதும் கடிதம் அதிபரின் கையொப்பத்தோடுதான் போகும். மெயில் அந்த ஒழுங்கை இலகுவாகத் தாண்டவிடுகிறது. தாண்டினால் இரண்டு பக்கத்திலும் மனக்கசப்பு. கடிதத்தை வழமைபோல எழுதி அதிபரிடம் கையொப்பம் வாங்கி, ஸ்கான் செய்த பிரதியை இணைத்து, மெயிலில் அவருக்கும் பிரதி போடுங்கள்.

பிசிசி (ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிரதி) பலருக்கு ஒரே அறிவித்தல் அனுப்புவதற்கு. இருநூறு பழைய மாணவர்களின் முகவரிகளை 'பெறுநர்' பெட்டியில் கொட்டினால் அத்தனை பேருடைய முகவரியும் அத்தனை பேருக்கும் போய்விடுகிறது. பிறகு ஒருவர் ரிப்ளை ஓல் அழுத்தி "வாழ்த்துகள்" என்று எழுத, ஐம்பது வாழ்த்துகள் எல்லோருடைய பெட்டியையும் நிரப்பும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குக் காட்டுவதற்காகப் பிசிசி போடாதீர்கள். மறைவாகச் சேர்க்கப்பட்டவர் ரிப்ளை ஓல் அழுத்தினால் எல்லாம் வெளியில் வந்துவிடும். மெயில் போன பிறகு தனியாக அவருக்கு முன்னனுப்புவதே சரி.

மெயில் சரியாகப் போய்ச் சேர்வதும் மரியாதைதான்

விடயவரியில் 'வணக்கம்', 'உதவி', 'அவசரம்' என்று மட்டும் எழுதாதீர்கள். போனில் அந்த வரியின் முதல் சில சொற்கள்தான் தெரியும்; முக்கியமானது முன்னுக்கு வர வேண்டும். ஒரு தொடரில் பேச்சு வேறு விடயத்துக்குப் போய்விட்டால் புது மெயில் தொடங்குங்கள். 'ஆண்டுப் பொதுக்கூட்டம்' என்ற தலைப்பின் கீழே நூலகத் தளபாடத்தின் விலை கிடந்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு யாராலும் தேடி எடுக்க முடியாது.

பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழை அப்படியே மெயிலில் ஒட்டும் வழக்கம் எங்கள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் இருக்கிறது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். மெயிலுக்கு எப்போதும் யூனிகோட், எழுத்துரு மாறினாலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறை. பழைய பாமினி ஆவணம் என்றால் இணையத்தில் இருக்கும் மாற்றிகளில் போட்டு மாற்றி, ஒருமுறை வாசித்துச் சரிபார்த்து ஒட்டுங்கள். அல்லது பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள்.

இணைப்புகளுக்கு ஜிமெயில் தரும் எல்லை 25 மெகாபைட். அதைத் தாண்டினால் அது டிரைவ் இணைப்பாக மாறும். பார்க்கும் அனுமதியைக் கொடுக்காவிட்டால் மற்றவருக்கு 'அனுமதி கேட்கவும்' என்ற பக்கம்தான் திறக்கும். காணி உறுதியின் ஒன்பது பக்கங்களையும் ஒன்பது போட்டோவாக அனுப்பாமல், போனில் உள்ள ஸ்கான் செயலியால் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். கோப்புக்குக் காணியின் பெயரையும் ஆண்டையும் பெயராக வையுங்கள். மெயிலில் "ஒன்பது பக்கங்கள், ஒரு கோப்பு" என்று எழுதிவிட்டால், ஏதாவது விடுபட்டால் அவருக்கே தெரியும்.

திகதியில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் ஜூலையை ஆடி என்போம். யாழ்ப்பாணத்தில் 'ஆடி 20' என்றால் ஜூலை 20. தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஆடி 20 என்பது ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் நாள். எண்ணால் மட்டும் எழுதினாலும் குழப்பம்தான்: 03/04 என்பதை ஒருவர் ஏப்ரல் 3 என்பார், அமெரிக்க வழக்கில் எழுதுபவர் மார்ச் 4 என்பார். மாதத்தின் ஆங்கிலப் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். நேரமும் அப்படித்தான். ரொறன்ரோவில் கோடைகால வெள்ளி மாலை 5 மணி, இங்கே சனி அதிகாலை 2.30, அங்கே குளிர்கால நேரம் வந்தால் 3.30. இலண்டனுக்கு வித்தியாசம் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை. 'இன்றைக்குள்' என்று எழுதினால் யாருடைய இன்று என்ற கேள்வி வரும். "இலங்கை நேரம் வெள்ளி இரவு 8 மணிக்கு முன்" என்று எழுதினால் வராது. அவர்களின் நடுச்சாமத்தில் வட்ஸ்அப் தட்ட வேண்டாம். மெயில் என்றால் ஜிமெயிலில் அனுப்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி இருக்கிறது, அவர்களின் காலை 9 மணிக்கு வைத்துவிட்டுப் படுங்கள்.

புள்ளியும் முகக்குறியும்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம். 1995 இல் வந்த இணைய நாகரிகக் கைநூல், ஆர்எஃப்சி 1855, அதை அப்படியே சொல்கிறது. தமிழில் கத்துவது வேறு வழிகளில் நடக்கிறது: மூன்று கேள்விக்குறி, நான்கு ஆச்சரியக்குறி, தடித்த சிவப்பு எழுத்து. "பணம் கிடைத்ததா???" என்பதில் கடைசி இரண்டு குறிகளும் சந்தேகப்படுகின்றன. ஒன்று போதும்.

மூன்று புள்ளிகளில் தலைமுறைச் சண்டை இருக்கிறது. மூத்தவர்கள் பலர் முற்றுப்புள்ளிக்குப் பதிலாகவே அதைப் போடுகிறார்கள்: "பணம் வந்தது... சந்தோசம்... பிறகு கதைக்கிறேன்..." இளையவர்களுக்கு அது எதையோ விழுங்கிக்கொண்டு சொல்லாமல் விடுவதாகத் தெரியும். பெரியம்மாவின் புள்ளிகளில் குத்தல் தேடாதீர்கள் என்று இளையவர்களைக் கேட்பேன். குடும்பத்துக்கு வெளியே எழுதும்போது புள்ளியை ஒன்றாகக் குறையுங்கள் என்று மூத்தவர்களைக் கேட்பேன். ஒற்றைச் சொல் பதிலில் அந்த ஒரு புள்ளியும் உறைக்கக்கூடும். நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவரிடம் செய்த ஆய்வில், போன் செய்தியாக வந்த ஒற்றைச் சொல் பதிலின் முடிவில் முற்றுப்புள்ளி இருந்தபோது அதை நேர்மை குறைந்ததாக மதிப்பிட்டார்கள். கையால் எழுதிய குறிப்பில் அந்த வித்தியாசம் இல்லை. அது ஆங்கிலத்தில் செய்தது. ஆனாலும் நீண்ட செய்தி ஒன்றுக்கு வெறும் "ஓம்." என்று வரும்போது மனம் சுருங்குவதை நாங்களும் அறிவோம். "ஓம் அண்ணா, பார்த்தேன்" என்று இன்னும் இரண்டு சொல் சேர்ப்பதில் ஒன்றும் குறைந்துபோகாது.

சிரித்த முகக்குறி தொனியைக் காட்டத்தான் பிறந்தது. 1982 செப்டெம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட் ஃபால்மன், பகிடியாக எழுதியதைச் சிலர் உண்மையென்று எடுத்துக்கொள்வதைப் பார்த்து, முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் பகிடிக்கு அடையாளமாக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். இன்று குறிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கடினமான வசனத்தை எழுதிவிட்டு முடிவில் சிரித்த முகம் போட்டால் கடினம் குறையாது, நக்கலாகத்தான் தெரியும், வசனத்தையே மாற்றுங்கள். அலுவலக மெயிலில், மற்றவர் முதலில் போடும்வரை நீங்கள் போட வேண்டாம்.

கட்டைவிரல் குறி 'பார்த்தேன்' என்பதா 'சம்மதம்' என்பதா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளிவிதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி உறுதிசெய்யுமாறு கேட்ட கொள்வனவாளருக்கு விவசாயி ஒருவர் கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்காகவே அனுப்பினேன் என்பது அவர் வாதம். 2023 இல் நீதிமன்றம் அதைச் சம்மதமாகவே எடுத்து, 82,000 கனடா டொலருக்கு மேல் நட்டஈடு கட்டச் சொன்னது. மேன்முறையீட்டிலும் அது நின்றது. வாடகை, கடன், பங்குப்பணம் பற்றிய செய்திகளுக்குக் கட்டைவிரல் போடாதீர்கள். "கிடைத்தது, வாசித்துவிட்டுச் சொல்கிறேன்" அல்லது "சம்மதம்" என்று சொல்லால் எழுதுங்கள்.

மரணச் செய்தி

இதில் அதிக கவனம் வேண்டும். ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மரணம் நடந்த சிறிது நேரத்திலேயே படத்தோடு அறிவித்தல் வந்துவிடுகிறது. பிள்ளைகள் பாரிஸிலோ ரொறன்ரோவிலோ வேலையில் இருப்பார்கள்; வீட்டிலிருந்து கோல் போகுமுன் குழுவில் தகப்பனின் படத்தைப் பார்க்கும் கொடுமை நடக்கிறது. உங்களுக்குச் செய்தி தெரிந்தால், எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்றா என்று அந்த வீட்டாரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் எதையும் போடாதீர்கள். வீட்டார் தரும் அறிவித்தலையே பகிருங்கள். கிரியை நேரத்தையும் இடத்தையும் கேள்விப்பட்டதை வைத்து எழுத வேண்டாம்.

இரங்கல் எழுதும்போது இறந்தவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டீர்களோ அந்த முறையையே எழுதுங்கள். "மாமாவின் பிரிவு கேட்டு மிகவும் வருந்துகிறோம். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்காமல் போகமாட்டார்" என்பது, ஒட்டி நகலெடுத்த மூன்று வரி இரங்கலைவிட அந்த வீட்டுக்கு ஆறுதல் தரும். எப்படி நடந்தது, என்ன வருத்தம் என்ற கேள்விகளைக் குழுவில் கேட்காதீர்கள். கட்டைவிரல் குறி வேண்டாம். கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் முகத்தை அழும் முகமென்று நினைத்துப் போட்டுவிடும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த இரண்டு குறிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொடுங்கள். அதே குழுவில் அடுத்த நிமிடம் பிறந்தநாள் வாழ்த்துப் போடாமல் அன்றைக்கு விட்டுவிடுவதும் மரியாதை.

கோபத்தில் எழுதினால்

முதலில் பெறுநர் பெட்டியை வெறுமையாக்குங்கள். முகவரி இல்லாமல் எந்த மெயிலும் போகாது. பிறகு மனதில் இருப்பதை முழுவதும் எழுதி விட்டுவைத்து, விடிந்ததும் வாசியுங்கள். ஆர்எஃப்சி 1855 உம் உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஒரு இரவு தள்ளிவைக்கத்தான் சொல்கிறது. ஜிமெயிலில் அனுப்பியதை மீட்டெடுக்கும் வசதி முதலில் 5 விநாடிக்குத்தான் இருக்கும். அமைப்புகளுக்குப் போய் 30 ஆக மாற்றிவையுங்கள். அவுட்லுக்கின் மீளப்பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள்தான் வேலை செய்யும், வெளியே போன மெயிலை அது தொடாது. வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். ஆனால் திருத்தியதும் அழித்ததும் அங்கே அடையாளமாக நிற்கும், அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்திருக்கவும் கூடும்.

எழுத்தில் இருப்பது சான்றாகவும் நிற்கக்கூடியது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னஞ்சல் போன்ற இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. காணி விற்பனை, அற்றோணித் தத்துவம், மரணசாசனம் ஆகியவற்றை அது சேர்க்கவில்லை. சகோதரங்களுக்குள் காணியைப் பற்றி "சரி, நீயே எடு" என்று வட்ஸ்அப்பில் எழுதினால் காணி கைமாறாது; மனக்கசப்பு மட்டும் மிஞ்சும்.

ஒரே விடயத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு தடவை எழுதியும் சூடு கூடிக்கொண்டு போனால் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். குரல்பதிவும் அந்த நேரத்தில் உதவாது. அது ஒருபக்கப் பேச்சு, கேட்பவர் இடையில் "அப்படி இல்லை அண்ணா" என்று சொல்ல வழியில்லை. நேரம் கேட்டு ஒரு வரி அனுப்புங்கள்: "இதை எழுதுவதைவிடக் கதைத்தால் நல்லது போல இருக்கிறது. ஞாயிறு உங்கள் நேரம் காலை 10 மணிக்கு எடுக்கட்டுமா?" கதைத்து முடிந்ததும், கூரை திருத்தச் செலவில் யார் எவ்வளவு, எந்த மாதத்துக்குள், பணம் எந்தக் கணக்குக்கு என்று பேசியதை மூன்று நான்கு வரியில் அன்றைக்கே மெயிலில் போடுங்கள். கீழே, "நான் ஏதாவது பிழையாக விளங்கியிருந்தால் திருத்திவிடுங்கள்" என்று சேர்த்துவிடுங்கள்.